பேரழிவுக்குப் பிந்தைய கேம்களில் கதை ஓட்டையும் வில்லனின் கணக்கும்: சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றின் காஸ்டிங் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவருக்கு ஒரு பழக்கம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். உள்ளே வந்த நூலின் எடை, நிட்டிங்கிலிருந்து வந்த துணியின் எடை, சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணியின் எடை, கட்டிங்கில் விழுந்த வேஸ்ட்டின் எடை ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்து, எங்கோ ஆறு கிலோ காணவில்லை என்றால், அது எந்தக் கட்டத்தில் போனது என்று தெரியும்வரை அவருக்கு டீ இறங்காது. பகலில் அந்த வேலையைச் செய்துவிட்டு இரவில் கேம் ஆடுகிற எனக்கு, கதையிலும் அதே ஆறு கிலோவைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

கோவையில் படிக்கும் என் அக்கா மகன் தன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கேம் எழுதிக்கொண்டிருக்கிறான். உலகம் சீர்குலைந்து அறுபது ஆண்டுகள் கழித்து, பவானிக்கும் நொய்யலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் நடக்கும் கதை அது. "மாமா, ஒருக்கா படிச்சுப் பாருங்க, ஓட்டை இருந்தா சொல்லுங்க" என்று அவன் அனுப்பிய நாற்பது பக்கத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்து முடித்தபோது, என்னை அறியாமலே நான் ஒரு முறையைப் பின்பற்றியிருந்தது தெரிந்தது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆடி முடித்த கேமை அலசுகிறவருக்கும் புதிதாக எழுதுகிறவருக்கும் இது பொதுவானது. பல கேம்களின் முடிவுகள் கீழே வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன என்பதால், இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வந்து படிக்கலாம்.

தொடங்குவதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கதை ஓட்டை என்பதை ஒரு குறையாகவும், வில்லனின் நோக்கம் பலவீனமாக இருப்பதை வேறொரு குறையாகவும் பலர் தனித்தனியே பேசுகிறார்கள். பேரழிவுக்குப் பிந்தைய கதையில் அவை இரண்டும் ஒரே பேரேட்டின் வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும்தான். அந்த உலகில் எது அரிது, எது தாராளம் என்பதைக் கதை சரியாக வகுக்காவிட்டால், அரிய பொருளுக்காக ஊரைக் கொளுத்தும் வில்லனின் செயலும் அர்த்தமற்றுப் போய்விடும்.

முதல் படி: ஓட்டை எது, ஓட்டை இல்லாதது எது என்று பிரித்தல்

கேமை முதல் முறை ஆடும்போது எதையும் எழுத வேண்டாம். இரண்டாம் முறை ஆடும்போது ஒரு நோட்டை அருகில் வைத்துக்கொண்டு, "இது எப்படி?" என்று தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் காட்சியின் பெயரோடு குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் குறிப்புகளைப் பிரிக்க வேண்டும். கதை தானே விதித்த விதியைத் தானே மீறினால் மட்டுமே அது ஓட்டை. கதை சொல்லாமல் விட்டது ஓட்டை அன்று. பாத்திரம் முட்டாள்தனமாக நடந்துகொள்வதும் ஓட்டை அன்று, ஏனெனில் மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். தற்செயலாக நிகழ்வது ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை நிகழ்ந்தால் எழுதியவரின் சோம்பல்.

இந்தப் பிரிவினைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 2017இல் வந்த ஹொரைசன் ஸீரோ டான் கேமில், உயிருள்ளவை எதையும் எரிபொருளாக்கித் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும் போர் எந்திரங்கள் உலகையே தின்று தீர்க்கின்றன. "நிறுத்தும் பொத்தான் ஒன்றுகூடவா வைக்கவில்லை?" என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விக்குக் கேமுக்குள்ளேயே விடை இருக்கிறது. எவராலும் ஊடுருவ முடியாதது என்பதையே விற்பனைச் சிறப்பாகச் சொல்லி, பின்கதவு எதுவும் வைக்காமல் அந்த எந்திரங்களை உருவாக்கச் செய்தவர் டெட் ஃபாரோ என்னும் முதலாளி. ஆகவே அந்தக் குறிப்பை அடித்துவிட வேண்டியதுதான். ஆர்டர் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தரச் சோதனையைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கும் எவருக்கும் ஃபாரோவின் செயலை நம்புவதில் சிரமம் இருக்காது.

மறுபுறம், 2008இல் வந்த ஃபால்அவுட் 3 கேமின் முடிவைப் பாருங்கள். நீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையத்தை இயக்க, கதிர்வீச்சு நிரம்பிய அறைக்குள் ஒருவர் போய்ச் சாக வேண்டும் என்று கதை நம் தலையில் சுமத்துகிறது. அப்போது நம்மோடு நிற்கும் துணைவன் ஃபாக்ஸ் கதிர்வீச்சினால் பாதிக்கப்படாதவன். அதுமட்டுமன்று, கதையில் சற்று முன்னால் அதேபோன்ற கதிர்வீச்சு அறைக்குள் தானே நடந்து போய் நமக்குத் தேவையான கருவியை எடுத்து வந்தவனும் அவன்தான். ஆனால் கடைசி அறையில் "இது உன் விதி" என்ற பொருளில் பேசி அவன் மறுத்துவிடுகிறான். இதுதான் உண்மையான ஓட்டை. விதியை வகுத்ததும் கதைதான், மீறியதும் கதைதான். 2009இல் வெளியான புரோக்கன் ஸ்டீல் என்னும் கூடுதல் தொகுப்பில், ஃபாக்ஸ் போன்ற துணைவர்களை அந்த அறைக்கு அனுப்பும் வழியைச் சேர்த்தார்கள்.

இரண்டாம் படி: ஆண்டுக் கணக்கு

அழிவு நடந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிட வேண்டும். பிறகு, காட்சியில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் எழுத வேண்டும். பெட்ரோல் ஓரிரு ஆண்டுகளில் கெட்டுவிடும். கார் பேட்டரி சில ஆண்டுகள்தான் தாங்கும். சோலார் தகடு ஆண்டுக்கு ஆண்டு சற்றுத் திறன் குறைந்தாலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் மின்சாரம் தரக்கூடும்; ஆனால் இரவுக்குச் சேமிக்கப் பேட்டரி இருக்காது என்பதால், அந்த உலகின் மின்சாரம் பகலோடு முடிந்துவிடும். இந்த ஒரே வரி எத்தனையோ இரவுக் காட்சிகளைத் திருத்தி எழுதவைக்கும்.

ஃபால்அவுட் வரிசையில் உலகை அழித்த அணுப் போர் நடந்த ஆண்டு 2077. மூன்றாம் கேமின் கதை 2277இல் நடக்கிறது. அங்கே கடைகளின் அலமாரிகளில் இருநூறு ஆண்டுப் பழைய உணவுப் பொட்டலங்கள் இன்னும் இருக்கின்றன. அதை அந்த உலகத்தின் கேலிச் சுவை என்று ஏற்றுக்கொள்கிறேன். 2015இல் வந்த நான்காம் கேமில், போரன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் அடைபட்ட ஒரு சிறுவன் 210 ஆண்டுகள் கழித்து உயிரோடு மீட்கப்படுகிறான். அவன் கதிர்வீச்சினால் உருமாறியவன் என்பதால் முதுமை அடையாதது சரி, ஆனால் அத்தனை காலம் உண்ணாமல் குடியாமல் இருந்தான் என்றால், அதே உருமாறிய மக்கள் மற்ற ஊர்களில் உணவுக்கும் நீருக்கும் ஏன் பாடுபடுகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. ஒரு சிறிய துணைக்கதை உலகத்தின் பேரேடு முழுவதையும் கலைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அக்கா மகனான மாப்பிள்ளையின் கதையில், அறுபது ஆண்டு கழித்து வில்லன் புல்லட் வண்டியில் வந்து இறங்கினான். பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதினேன். இப்போது அவன் காங்கேயம் காளை பூட்டிய வண்டியில் வருகிறான். என் பார்வைக்கு அது புல்லட்டைவிடப் பயமாகவே இருக்கிறது, ஏனெனில் வறட்சியில் இரண்டு காளைகளைக் கொழுக்க வைத்திருப்பவனிடம் தீவனமும் நீரும் மிச்சமிருக்கின்றன என்பது பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது.

மூன்றாம் படி: நீர், மின்சாரம், சோறு

இந்தப் படியில் அதிக நேரம் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது கைவந்த கலையும்கூட. மழை குறைந்த நிலத்தில் பிறந்தவருக்கு, எந்த மேட்டுக்கு எந்த நீர் ஏறும் என்பதை ஒருவர் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் முதல் வடிவத்தில், அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தின் நீரேற்று நிலையத்தை வில்லன் கைப்பற்றி, மூன்று மாவட்டங்களையும் தாகத்தால் மிரட்டினான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்தத் திட்டம் பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறது. ஆனால் அந்த நீர் தானாக ஓடுவதில்லை. ஆறு நீரேற்று நிலையங்கள் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றுகின்றன. மின்சாரம் இல்லாத உலகில் நீரேற்று நிலையம் என்பது கூரை போட்ட வெறும் கொட்டகை. அதைப் பிடித்து வைத்திருப்பவன் எவரையும் மிரட்ட முடியாது, ஆடு கட்டலாம்.

"காற்றாலை இருக்குதுங்களே மாமா, பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும்" என்றான். நியாயமான கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்வரை இறக்கைகள் சுற்றத்தான் செய்யும். ஆனால் அங்குள்ள பழைய காற்றாலைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். மின்கம்பித் தொடரிலிருந்து (கிரிட்) மின்சாரம் வந்தால்தான் அதற்குள் காந்தப்புலம் பிறக்கும். தொடர் செத்துவிட்டால், காற்று எவ்வளவு அடித்தாலும் அது சும்மா சுற்றும் விசிறிதான். தக்க கெபாசிட்டர்களைப் பூட்டி அதை உசுப்பக்கூடிய எலக்ட்ரீஷியன் ஒருவர் உயிரோடு இருந்தால் நிலைமை மாறும். அப்படிப்பட்டவர் அந்த உலகில் எந்தத் தளபதியைவிடவும் விலை மதிப்புள்ளவர் என்பதால், கதைக்கு ஒரு புதிய பாத்திரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதேபோல, 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய, நீலகிரி மலையிலுள்ள பைக்காரா போன்ற புனல் மின்நிலையத்தை வெளித்தொடரின் உதவியின்றியும் இயக்கிவிட வழியுண்டு. கோவையின் மில்கள் பெருகியதே அந்த மின்சாரத்தால்தான் என்பதை நினைத்தால், அழிவுக்குப் பிந்தைய கோவையிலும் மலைமேல் இருப்பவர்களுக்கே முதல் மரியாதை என்று கதை அமைவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

போர்வெல்லையும் மறந்துவிட வேண்டியதுதான். ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கும் நீரை எந்தக் காளையும் இழுக்காது. மிஞ்சுவது திறந்தவெளிக் கிணறு. சாலும் வடமும் பூட்டிக் கவலை இறைத்த காலத்தை என் அப்புச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு ஜோடி மாடு நாள் முழுக்க முன்னும் பின்னும் நடந்தும் ஓர் ஏக்கர் நனைவதே பெரும்பாடு என்பார். எல்லா மோட்டாரும் நின்று அறுபது ஆண்டு ஆனால் நிலத்தடி நீர் மெல்ல மேலே வந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே, "எங்கும் வறட்சி" என்று ஒரே வரியில் எழுதுவதும் தவறு.

பிறகு எதைப் பிடித்தால் வில்லன் வில்லனாக முடியும்? மோட்டார் இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும் நீரைப் பிடிக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால், பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால் தொடங்கி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து நொய்யலைத் தொடுகிறது. பாம்பு போன தடத்தில் வெட்டியது என்று ஊர்க்கதை சொல்லும் அந்த வளைவுகளால்தான் நீர் தன் எடையிலேயே ஓடுகிறது. 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதுவும் நிலத்தின் சம உயரத்தை ஒட்டியே வெட்டப்பட்டது. இந்த இரண்டில் ஒன்றின் தலைமதகில் உட்கார்ந்திருப்பவனிடம் அதிகாரம் இருக்கிறது. வில்லனை நீரேற்று நிலையத்திலிருந்து தூக்கித் தலைமதகில் வைத்த அன்றே, கதையின் பெரிய ஓட்டையும் அடைபட்டது, அவனுடைய நோக்கத்துக்கும் எடை கூடியது. ஒரே திருத்தத்தில் இரண்டும் சரியானது தற்செயல் அன்று என்பதுதான் நான் முன்னால் சொன்ன கட்சி.

நான்காம் படி: எளிய வழி இருந்ததா?

ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும், பாத்திரம் செய்ததைவிடச் செலவு குறைந்த வழி ஒன்று கண்முன் இருந்ததா என்று பாருங்கள். 2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் முடிவு இதற்கு நல்ல பயிற்சி. பூஞ்சைத் தொற்றால் பாதிக்கப்படாத ஒரே சிறுமி எல்லியை, மருத்துவமனைக்கு வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே மூளை அறுவை செய்து கொல்லத் துணிகிறார்கள் ஃபயர்ஃப்ளைஸ் இயக்கத்தினர். இருபது ஆண்டு காத்திருந்தவர்கள், கையிலிருக்கும் ஒரே விதைநெல்லை ஒரே நாளில் குத்திச் சோறாக்க ஏன் இத்தனை அவசரம்? இரத்தமும் திசுவும் எடுத்துச் சில மாதம் ஆராய்வது செலவு குறைந்த வழியாயிற்றே? மனிதருக்கு வரும் பூஞ்சை நோய்களுக்கு நம் உலகிலேயே இன்னும் அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது என்பதையும் சேர்த்தால், அந்த அறுவையின் நம்பகம் இன்னும் குறைகிறது.

ஆனால் இதை நான் ஓட்டை என்று எழுதமாட்டேன். தோற்றுக்கொண்டே வந்த இயக்கம், ஆள் குறைந்து, காலம் குறைந்து, நம்பிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறது, அப்படிப்பட்டவர்கள் அவசரப்படுவார்கள். குறை எங்கே என்றால், அந்த நெருக்கடியை மருத்துவமனைக் காட்சியில் நமக்குப் போதிய அளவு காட்டாததில்தான். 2020இல் வந்த இரண்டாம் பாகம் அந்த மருத்துவரையும் அவர் மகளையும் காட்டி, தாமதமாகவேனும் அந்தப் பற்றுக் கணக்கை எழுதியது.

ஐந்தாம் படி: வில்லனின் பேரேடு

எங்கள் ஊரில் எவர் எதைச் செய்தாலும் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அதுல அவனுக்கு என்னங்க மிச்சம்?" வில்லனைச் சோதிக்க இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, வில்லனே கணக்கு எழுதுவதுபோல எழுதுங்கள். அவனுக்கு என்ன வேண்டும். அதற்கு இதுவரை எவ்வளவு செலவு செய்திருக்கிறான். வெற்றி பெற்ற மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான். இத்தனை ஆண்டு சும்மா இருந்தவன் இப்போது ஏன் கிளம்பினான். மறுநாள் காலைக்கு விடை இல்லாத வில்லன்கள்தான் அதிகம்.

ஃபால்அவுட் 3இல், மெகாட்டன் என்னும் ஊரின் நடுவில் வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கிறது. தொலைவில் ஒரு கோபுரத்தில் வாழும் டென்பென்னி என்னும் செல்வர், அந்த ஊர் தன் பார்வைக்கு அசிங்கமாகத் தெரிகிறது என்பதற்காக அதை வெடிக்க வைக்கக் கூலி தருகிறார். சன்னல் காட்சிக்காக ஒரு சந்தை ஊரையே அழிப்பவருக்கு, மறுநாள் வணிகம் யாரோடு? மனிதர்கள் அரிதாகிவிட்ட உலகில், வாங்கவும் விற்கவும் வரும் நூறு பேர் என்பது சொத்து. கொடூரம் என்பதற்காக இதை நான் குறை சொல்லவில்லை. பணக்காரர்கள் இதைவிடக் கொடூரமாக நடந்ததுண்டு. கணக்கே இல்லாத கொடூரம் என்பதுதான் குறை. அதே வரிசையின் நான்காம் கேமில் இன்ஸ்டிட்யூட் என்னும் நிலத்தடி ஆய்வு நிலையத்தினர், மேலே வாழும் மனிதர்களைக் கடத்தி, அவர்களைப் போன்ற செயற்கை மனிதர்களை அவர்கள் இடத்தில் வைக்கிறார்கள். இதற்கு ஆகும் செலவு மிகப் பெரியது. வரவு என்ன என்பதற்கு, அதன் தலைவரோடு நேருக்கு நேர் அமர்ந்து பேசிய பின்னும் எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, 1997இல் வந்த முதல் ஃபால்அவுட்டின் மாஸ்டர் என்னும் வில்லனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் பலவகையாகப் பிரிந்திருப்பதே போருக்குக் காரணம், ஆகவே எல்லோரையும் கதிர்வீச்சைத் தாங்கும் ஒரே இனமாக மாற்றிவிட்டால் போர் இருக்காது என்பது அவன் கணக்கு. ஆசை, காரணம், வழி, மறுநாள் காலை எல்லாம் அதில் உண்டு. அதில் ஒரே ஒரு தவறுதான்: அவன் உருவாக்கும் இனத்துக்குப் பிள்ளை பிறக்காது. அந்தச் சான்றை நாம் கொண்டுபோய்க் காட்டினால், தன் கணக்கு தவறு என்று உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். ஒரு துப்பாக்கிக் குண்டும் செலவில்லை. ஒரு வில்லனைக் கணக்கில் தோற்கடிக்க முடிகிறது என்றால், அவனிடம் கணக்கு இருந்தது என்று பொருள்.

2010இல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸின் சீசர் இன்னொரு வகை. தன் படையினர் நவீன மருந்தைத் தொடக்கூடாது என்று தடுப்பவன், தன் மூளைக் கட்டிக்காகக் கூடாரத்துக்குள் மருத்துவ எந்திரம் வைத்திருக்கிறான். இதைச் சிலர் முரண்பாடு என்று ஓட்டைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். முரண்பாடுதான், ஆனால் பாத்திரத்தின் முரண்பாடு. கதையின் முரண்பாடு அன்று. ஊருக்கு ஒரு நியாயமும் தனக்கு ஒரு நியாயமும் வைத்திருக்கும் தலைவரை நம்மில் எவர்தான் பார்த்ததில்லை?

எழுதுபவர்களுக்கு நான் சொல்வது, வில்லனைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம் என்பதே. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடுவதைப் பற்றி எங்கள் பகுதியில் நடந்த வாக்குவாதத்தை நினைத்துப் பாருங்கள். மண் கால்வாயிலிருந்து கசியும் நீர்தான் கீழேயுள்ள கிணறுகளை நிரப்புகிறது, கான்கிரீட் போட்டால் கிணறு வற்றும் என்பது ஒரு தரப்பு. கசிந்து வீணானால் கடைமடைக்கு நீர் வராது என்பது மறு தரப்பு. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே வாளி நீரை இரண்டு பேர் நியாயமாகக் கேட்கிறார்கள். சட்டமும் அதிகாரியும் இல்லாத உலகில் இதே வாக்குவாதம் அரிவாளில் முடியும். மாப்பிள்ளையின் புதிய வில்லி இங்கிருந்துதான் பிறந்தாள். அவளுடைய தாத்தா கால்வாயில் லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடும் ஊழியராக, இருந்தவர். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு அடுத்த போகம் என்ற முறையை எழுதி வைத்த அவருடைய பழைய நோட்டு அவளிடம் இருக்கிறது. முறை தவறி நீர் எடுத்த மேல்மடை ஊர் ஒன்றின் மதகை அவள் மூடினாள். ஊர் காலியானது, குழந்தைகள் செத்தார்கள். கடைமடையில் அவளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஆடுபவர் நிற்கிறார்.

ஆறாம் படி: அடியாட்களின் கூலி

இது சுருக்கமானது. வில்லனுக்காகச் சாகத் தயாராக இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பாழ் நிலத்தின் நடுவில் இருநூறு கொள்ளையர்கள் வாழ்கிறார்கள், சுற்றிலும் கொள்ளையடிக்க இருப்பதோ பதினைந்து பேர் வாழும் ஊர் என்றால், கொள்ளையர்கள் முதல் மாதமே பட்டினியில் செத்திருப்பார்கள். நம் வில்லிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அறுபது ஆண்டு பராமரிப்பில்லாத மண்கரை உடைந்துகொண்டே இருக்கும். ஆகவே குடிமராமத்துக்கு வரும் வீட்டுக்கு மட்டுமே நீர் என்பது அவள் சட்டம். அவளுடைய ஆட்கள் கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டிதான் அதிகம். அவர்களைக் கொன்று முன்னேறும் ஆட்டக்காரர், அடுத்த மழையில் கரை உடையும்போது என்ன செய்தோம் என்பதை உணர்வார்.

ஏழாம் படி: கிளைகளைச் சோதித்தல்

கதைப் புத்தகத்தில் இல்லாத தொல்லை கேமில் உண்டு. ஆட்டக்காரர் வரிசை மாற்றி நடப்பார், கொல்லக் கூடாதவரைக் கொல்வார், கேட்க வேண்டியதைக் கேட்காமல் தாண்டுவார். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே, "இந்த வழியில் வந்தவருக்கு இந்தச் செய்தி எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். முன்பே செத்தவர் பின்னால் பேசுவதும், இன்னும் அறியாத இரகசியத்தை நம் பாத்திரம் சொல்வதும் இங்கேதான் பிறக்கின்றன. காகிதத்தில் கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இங்கே வில்லனுக்கும் ஒரு சோதனை உண்டு. அவனிடம் பேசி அவன் மனத்தை மாற்றும் ஒரு கிளையை, கேமில் சேர்க்காவிட்டாலும், எழுதிப் பாருங்கள். நியூ வேகஸின் கடைசியில் லேனியஸ் என்னும் தளபதியிடம், ஹூவர் அணையைப் பிடித்தாலும் மேற்கே இத்தனை தூரம் படைக்குச் சோறும் தளவாடமும் கொண்டுவந்து தாக்குப்பிடிக்க முடியாது என்று வாதிட்டு, அவனைத் திரும்பிப் போக வைக்க முடியும். கொலைவெறியன் என்று கேம் முழுக்கக் கேள்விப்பட்டவன், வண்டி வாடகைக் கணக்குக்குத் தலை அசைக்கிறான். கேமில் எனக்கு மிகப் பிடித்த உரையாடல் அதுதான் என்று சொன்னால், என் தொழிலை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். பேசவே முடியாத வில்லன் என்று எழுதும்போது உங்களுக்குத் தோன்றினால், பெரும்பாலும் அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் பொருள்.

எட்டாம் படி: அடைத்தல்

ஓட்டையைக் கண்டவுடன் பலர் செய்வது, செத்துக் கிடப்பவர் பையில் ஒரு கடிதத்தைச் செருகி அதில் விளக்கம் எழுதுவது. இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படிக்காத ஆட்டக்காரருக்கு ஓட்டை அப்படியே இருக்கும், படித்தவருக்கோ ஒட்டுத் துணி பளிச்சென்று தெரியும். முதலில், அந்தக் காட்சியே தேவையா என்று பார்க்க வேண்டும். பாதி ஓட்டைகள் காட்சியை நீக்கினால் போய்விடும். அடுத்து, இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். நீரேற்று நிலையத்திலிருந்து தலைமதகுக்குப் போனதுபோல. அதற்கும் அடங்காவிட்டால், விளக்கத்தை ஓட்டைக்கு வெகு முன்னால், வேறு காரணத்துக்காக வருவதுபோல நட்டுவைக்க வேண்டும். ஃபாக்ஸ் அந்த முதல் அறைக்குள் போகவே மறுத்திருந்தால், அல்லது போய்த் திரும்பும்போது உடல் நலிந்திருந்தால், முடிவுக் காட்சியில் எவரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள்.

ஓர் ஓட்டையை அடைக்கும்போது புதிதாக ஒன்று பிறந்திருக்கும் என்பதால், திருத்திய பிறகு மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் நீர்க்கணக்கை மறுபடி போட வேண்டும். வில்லியைத் தலைமதகில் வைத்த பிறகு நானும் அப்படித்தான் போட்டுப் பார்த்தேன். இரும்பு ஷட்டரைக் கையால் சுற்றி ஏற்றலாம், அது சரி. ஆனால் அதன் பல்சக்கரத்துக்கும் திருகுத் தண்டுக்கும் அறுபது ஆண்டாகக் கிரீஸ் எங்கிருந்து வந்தது? இல்லையென்றால் துருப்பிடித்து இறுகி, மதகு திறந்தது திறந்தபடியோ மூடியது மூடியபடியோ நின்றிருக்க வேண்டும். ஃபோனில் கேட்டபோது மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விளக்கெண்ணெய் போட்டாச் சுத்தாதுங்களா மாமா?" என்றான். சுற்றும், ஆமணக்கு எண்ணெய் நல்ல மசகெண்ணெய்தான். அதனால் இப்போது கேமின் மூன்றாம் பகுதியில், கால்வாய்க்கு மேட்டுப்புறத்தில், காவல் போட்ட ஆமணக்குக் காடு ஒன்று இருக்கிறது. சோற்றுக்கு ஆகாத செடிக்கு இத்தனை காவல் ஏன் என்று யோசிக்கும் ஆட்டக்காரருக்கு, வில்லியின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.